ஒரு குப்பி ரத்தம் கேட்டு ஆவடிக்குப் போனேன்

தர்ஷினி, கவின்,

சென்னையில் என்ன நடந்தது என்று நீங்கள் கேட்கும்போதெல்லாம் "அப்புறம் சொல்றேன்" என்று நழுவிவிடுகிறேன். வாயால் சொல்லப் போனால் பாதியிலேயே பேச்சை மாற்றிவிடுகிறேன். அதனால் எழுதித் தருகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்த எழுத்து இது. அதன் பிறகு பஸ் ஓட்டத்தான் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கல்யாணத்துக்கும் போகவில்லை, கோயிலுக்கும் போகவில்லை. உங்கள் மல்லிகா பெரியம்மாவிடம் ஒரு குப்பி ரத்தம் கேட்கப் போனேன்.

ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய் வந்தபோது இங்கே மருத்துவமனையில் அவளுடைய மரபணுவைச் சோதித்தார்கள். மரபணு என்பது, கவின், உடம்பு தன்னைக் கட்டிக்கொள்ள வைத்திருக்கும் குறிப்பு. அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி வருகிறது. உங்கள் அம்மாவின் குறிப்பில் ஓரிடத்தில் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. நோயைக் கொண்டுவந்தது அந்த மாற்றம்தானா, இல்லை காதில் இருக்கும் மச்சம் மாதிரி சும்மா கிடக்கும் ஒன்றா என்று டாக்டருக்கே தெரியவில்லை. நம்மைப் போன்ற குடும்பங்களைப் பற்றிய விவரம் போதுமான அளவு சேரவில்லையாம்.

அம்மா போன பிறகு, "என் மகளுக்கு என்ன செய்வது?" என்று கேட்டேன். "மாற்றத்துக்கு அர்த்தம் தெரியாமல் அவளைச் சோதித்து நான் என்ன சொல்வேன்?" என்றார் டாக்டர். "உங்கள் மனைவியின் அக்காவுக்கும் இதே நோய் வந்ததல்லவா? அவருடைய ரத்தம் கிடைத்தால் உதவும். அவரிடமும் அந்த மாற்றம் இருந்தால் அதன்மேல் சந்தேகம் கூடும். இல்லையென்றால் உங்கள் மகள் கொஞ்சம் நிம்மதியாக மூச்சு விடலாம்."

சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஆராய்ச்சிக் குழு இதற்கு உதவும் என்று அவரே எழுதியும் கொடுத்தார். பெரியம்மாவிடம் போனில் கேட்டேன். இணைப்பு அறுந்துவிட்டது. மறுபடி கேட்டேன். மறுபடியும் அறுந்தது. அது இணைப்பின் கோளாறு இல்லை என்று புரிந்ததும் டிக்கெட் போட்டேன்.

முதல் நாள் பாரிவாக்கத்தில் சேகர் மாமா வீட்டில் இறங்கினேன். நான் கொண்டுபோன கோடாலித் தைலத்தையும் மைலோவையும் மாமா கூடத்தில் பரப்பி வைத்து, "இன்னா மச்சான், கடையே தூக்கினு வந்துட்டியா?" என்றார். அவர் என்னை மச்சான் என்பது அம்மாவைக் கட்டியதால் வந்த உறவு மட்டுமில்லை. என் அம்மா, உங்கள் அப்பத்தா, அந்த ஊரில் பிறந்து மலேசியாவுக்கு, நம் கூலிமுக்கு, வாழ்க்கைப்பட்டு வந்தவர். அவருடைய அண்ணன் பிள்ளைகள்தான் மல்லிகா பெரியம்மா, சேகர் மாமா, உங்கள் அம்மா மூவரும். மாமன் மகளைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டவன் நான்.

நான் என் கல்யாணத்துக்குப் போனபோது பாரிவாக்கத்தில் பாதி இடம் வயல். இப்போது நான்கு மாடி வீடுகளும், வேலி போட்ட மனைகளும், நடுவே எருமைகள் நிற்கும் ஒரு குட்டையும். நம் ஊரில் எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தை அழித்து வீடு கட்டினால் முதலில் சாலை போடுவார்கள். அங்கே எல்லோரும் குடிவந்த பிறகுதான் சாலை வருமாம். காலையில் மாமி பூரியும் வடகறியும் வைத்தார். "பசியாறிட்டீங்களா?" என்று நான் கேட்டதற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள். அங்கே அப்படிக் கேட்பதில்லை. "சாப்ட்டியா" என்றுதான் கேட்கிறார்கள், அதுவும் பதிலுக்குக் காத்திருக்காமல்.

இரண்டாம் நாள் மாமா என்னை அம்பத்தூரில் இருக்கும் தன் பட்டறைக்குக் கூட்டிப்போனார். தகரக் கூரைக்குக் கீழே மூன்று லேத். பெரிய கம்பெனிகள் வரைபடம் கொடுக்கும், மாமா அதன்படி இரும்பைக் கடைந்து கொடுப்பார். ஓரமாக ஒருவர் புத்தம்புதிய இரும்புத் துண்டுகளைக் கிரைண்டரில் வைத்து இரண்டிரண்டாக அறுத்துக்கொண்டிருந்தார். நல்ல பொருளை எதற்கு அறுக்கிறார் என்று கேட்டேன்.

"அளவு தப்பிச்சி போன பீஸு மச்சான். முழுசா பழைய இரும்புக்குப் போடக் கூடாது. எவனாவது எட்த்து அளவு பாத்து, அதே மாரி பண்ணிட்டான்னா? டிராயிங் கஸ்டமரோடது. இரும்பு நாம வாங்குனதா இருந்தாலும் அந்த வடிவம் அவனோடது."

நான் வந்த காரியத்துக்கு அங்கேதான் பேச்சு திரும்பியது. மாமா போன வருடமே கரையான்சாவடியில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த இலவச முகாமில், ஒரு தனியார் கம்பெனிக்குத் தன் எச்சிலைக் கொடுத்துச் சோதனை செய்திருந்தார். பெரியம்மாவையும் கூட்டிப்போயிருந்தார். "அக்காவோட ரிசல்ட்டும் அவன்கிட்டயே கீது. அத்த வாங்கினு போ. புதுசா எதுக்கு ஊசி?" என்றார். எனக்கு அப்போது பாதிப் பாரம் இறங்கிய மாதிரி இருந்தது.

ஆனாலும் ஆராய்ச்சிக் குழுவின் டாக்டர் போனில் எனக்கு ஒரு விஷயம் சொல்லியிருந்தார். அதை மாமாவிடம் சொன்னேன். அமெரிக்காவில் முன்பு ஒரு கம்பெனி, மார்பகப் புற்றுநோயோடு தொடர்புள்ள இரண்டு மரபணுக்களைக் கண்டுபிடித்து, அவற்றுக்குக் காப்புரிமை வாங்கி வைத்திருந்தது. அந்தச் சோதனையை வேறு யாரும் செய்யக் கூடாது. முடிவு சரிதானா என்று இன்னொரு இடத்தில் பார்க்க நினைத்த பெண்களுக்கு இன்னொரு இடமே இல்லை. நோயாளிகளும் டாக்டர்களும் வழக்குப் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். இயற்கை உண்டாக்கியதைப் பிரித்து எடுத்ததற்காக மட்டும் ஒருவர் அதைச் சொந்தம் கொண்டாட முடியாது, ஆய்வுக்கூடத்தில் மனிதர் புதிதாக உண்டாக்கியதற்கு வேண்டுமானால் காப்புரிமை கொடுக்கலாம் என்று தீர்ப்பு வந்தது.

மாமா உடனே ஒத்துக்கொள்ளவில்லை. "பீஸ ஆடாம புடிச்சிக்கற மாரி நான் ஒரு ஃபிக்ஸ்சர் யோசிச்சிப் பண்ணேன். ராத்திரி பகலா மண்டைய ஒடச்சிகினு பண்ணேன். பக்கத்து ஷெட்டுக்காரன் ஒரு வாட்டி டீ குடிக்க வந்தான், அடுத்த மாசம் அவன்கிட்டயும் அதே ஃபிக்ஸ்சர். வயிறு எரியுமா எரியாதா? காசு போட்டுத் தேடுனவனுக்கு ஒன்னுமே இல்லன்னா எவன் தேடுவான்?"

"நீங்க செஞ்சது ஃபிக்ஸ்சர் மச்சான். உங்க தங்கச்சி கலாவோட ரத்தத்தை யார் செஞ்சது?"

"கண்டுபுடிக்கறதும் வேலதான்" என்றார் மாமா. அது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது, பிள்ளைகளா. தேடுகிறவனும் சாப்பிட வேண்டும்தானே.

மத்தியானம் வானகரத்தில் அந்தக் கம்பெனியின் அலுவலகத்துக்குப் புறப்பட்டோம். மாமாவின் பைக் பஞ்சர். ஷேர் ஆட்டோவில் ஏறினோம். மூன்று பேர் உட்காரும் இடத்தில் ஐந்து பேர், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இன்னும் இருவர். பைபாஸ் பக்கம் போலீஸைப் பார்த்ததும் ஓட்டுநர் வண்டியை ஓரங்கட்டி, "எல்லாம் எறங்கி நடந்து போய் அந்தாண்ட நில்லுங்க, நான் வந்து ஏத்திக்கிறேன்" என்றார். நான் நம்பி நடந்தேன். ஆட்டோ எங்களைக் கடந்து போய்க்கொண்டே இருந்தது. "மலேசியால இந்த மாரி உண்டா?" என்று, என் ஊரைக் கேட்டுக்கொண்டு கூட நடந்த ஓர் அம்மா என்னிடம் கேட்டார். "இல்லைங்க, எங்க ஊர்ல போலீஸைத் தாண்டினதும் நிறுத்துவாங்க" என்றேன். அன்றைக்கு நான் சிரித்தது அங்கே ஒரு முறைதான்.

அலுவலகம் குளுகுளுவென்று இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் மரியாதையாகப் பேசினாள். பெரியம்மாவுடையதை அவர் நேரில் வராமல் காட்ட முடியாது என்றுவிட்டு, மாமாவின் முடிவாக அவர் போனுக்கு ஏற்கெனவே வந்திருந்த ஒரு பக்கத்தைத்தான் திரும்பக் காட்டினாள். "மாற்றம் உள்ளது, பொருள் உறுதியாகவில்லை" என்று அதில் இருந்தது. என்ன மாற்றம், எந்த இடத்தில் என்பதைத் தரும்படி கேட்டோம்.

"சாரி சார். முழு டேட்டா எங்க கம்பெனி சொத்து. நீங்க சம்மதம் கொடுத்திருக்கீங்க. ரிப்போர்ட் மட்டுந்தான் உங்களுக்கு."

"யம்மா, எச்சி என்னுதும்மா" என்றார் மாமா.

"ஆமா சார். அனாலிசிஸ் எங்களோடது."

வெளியே வந்து, மேம்பாலத் தூண் நிழலில் நின்று போனில் அந்த ஒரு பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தார் மாமா. பிறகு, "அளவு தப்பின பீஸு நானு. என்னியே எனுக்குக் காட்ட மாட்டேன்றான்" என்றார். டாக்டர் சொன்னதன் மீதிப் பாதி எனக்கு அப்போதுதான் விளங்கியது. மரபணுவுக்குக் காப்புரிமை இல்லை என்று நீதிமன்றம் சொல்லலாம். எந்த மாற்றம் கெட்டது, எது நல்லது என்று பல குடும்பங்களிடமிருந்து சேர்த்த அறிவைக் கம்பெனி தன் பெட்டியிலேயே பூட்டி வைத்துக்கொள்ளலாம். ஆராய்ச்சிக் குழு அப்படிச் செய்வதில்லை. பெயரை நீக்கிவிட்டு, எந்த நாட்டு டாக்டரும் பார்க்கும்படி போட்டுவிடுகிறது.

ஆக, பெரியம்மாவிடம் புதிதாகத்தான் கேட்க வேண்டும்.

மூன்றாம் நாள் ஆவடிக்குப் போனேன். பெரியப்பா ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் வேலை செய்கிறார், திருநெல்வேலிக்காரர். குவார்ட்டர்ஸில் ஒரே மாதிரி வீடுகள், வரிசையாக வேப்ப மரங்கள். ஒரு வீட்டில் மதுரைப் பேச்சு, அடுத்த வீட்டில் கோயம்புத்தூர்ப் பேச்சு. "வாங்க சகல, வெயிலுக்குள்ள எதுக்கு நடந்து வந்திய? ஒரு போன் போட்டா வந்திருப்பம்லா" என்று பெரியப்பா பையை வாங்கிக்கொண்டார். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அம்மாவுக்காக அழுதார். நானும் அழுதேன். பிறகு மீன் குழம்பு ஊற்றினார். சாப்பிட்டு முடிக்கும் வரை நான் எதுவும் கேட்கவில்லை.

கேட்டதும் எழுந்து போய் வாசல் கதவைச் சாத்தினார்.

"மெதுவா பேசுங்க. எனக்கு மார்ல ஆபரேஷன்னு இந்த லைன்ல யாருக்கும் தெரியாது. கர்ப்பப்பைன்னு சொல்லி வச்சிருக்கேன். நித்யாவுக்கு இடம் அமைஞ்சிருக்கு. ஞாயித்துக்கிழம பாக்க வராங்க. இந்த நேரத்துல நீங்க ஊரக் கூட்டி ரத்தம் எடுக்கறேன்றீங்க."

நித்யா அக்காவை உங்களுக்குத் தெரியும், பெரியம்மாவின் ஒரே மகள், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள். அவள் அப்போது வேலைக்குப் போயிருந்தாள்.

பெயர் போகாது, எண் மட்டும்தான் போகும் என்றேன். மரபணு யாருக்கும் சொந்தமில்லை என்று கோர்ட்டே சொன்னதை எனக்குத் தெரிந்த மட்டும் விளக்கினேன். பெரியம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுச் சொன்னார்: "யாருக்கும் சொந்தமில்லன்னு கோர்ட்டு சொல்லும். மாப்பிள்ள ஊட்டுக்காரங்க சொல்ல மாட்டாங்க. 'அந்தப் பொண்ணு குடும்பத்து வியாதி'ம்பாங்க. அப்ப அது எனக்கும் எம் பொண்ணுக்கும் மட்டுந்தான் சொந்தம்."

"தர்ஷினிக்காகக் கேக்கறேன்" என்றேன்.

"எனக்கும் ஒரு தர்ஷினி இருக்கா" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன கேட்பேன்? கதவைத் திறந்துவிட்டு எனக்கு மோர் கொண்டுவந்தார். பெரியப்பா பஸ் நிறுத்தம் வரை வந்தார். என் தோளில் வைத்த கையை எடுக்கவே இல்லை. பூந்தமல்லி போகும் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். கூலிமில் காலை ஷிப்டுக்கு ஆட்களை ஏற்றும்போது கண்ணாடியில் முகங்களைப் பார்ப்பேன், எல்லாம் தூக்க முகம். இந்த பஸ்ஸில் எல்லாப் பெண்களையும் பார்த்தேன். இதில் எத்தனை பேர் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறவர்களோ என்று நினைத்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஆராய்ச்சிக் குழுவிலிருந்து ஷாலினி என்ற பெண், சேகர் மாமா வீட்டுக்கே ரத்தம் எடுக்க வந்தாள். பெரியம்மா இல்லாவிட்டாலும் மாமாவுடையதையாவது எடுப்போம் என்று இருந்தேன். மாமாவோ வானகரத்தில் பட்ட அவமானத்துக்குப் பதில் சொல்கிற மாதிரி, தெரிந்த சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டிருந்தார். கூடம் நிறைய ஆள். பின்பக்கம் பிரியாணி வெந்துகொண்டிருந்தது. சமையலுக்கு உதவ என்று சொல்லிக்கொண்டு பெரியம்மாவும் வந்திருந்தார், பெரியப்பாவோடும் நித்யாவோடும். என் முகத்தைப் பார்க்காமல் நேரே பின்கட்டுக்குப் போய் வெங்காயம் உரித்தார்.

ஷாலினி ஒவ்வொருவராக உறவு கேட்டாள். மாமியின் தம்பி, அவருடைய சம்பந்தி, சம்பந்தியின் அக்கா. அவள் பேனாவை வைத்துவிட்டாள்.

"சார், ரத்த சம்பந்தம் உள்ளவங்க மட்டும் போதும்."

"எல்லாம் நம்ம ரத்தம்தாம்மா!" என்றார் மாமா. "நல்லது கெட்டதுக்கு எவன் வந்து நிக்கிறானோ அவன் ரத்தம்."

சட்டைக் கையை மடித்துக்கொண்டு பெரியப்பா முன்னால் வந்தார். "நான் தின்னவேலி. எனக்கு இவியளோட ஒட்டுமில்ல ஒறவுமில்ல. ஆனாலும் எடுத்துக்கிடுங்க, வீணாப் போவாது." கூடமே சிரித்தது. ஷாலினியும் சிரித்துவிட்டு, ஒரு தாளில் வட்டமும் சதுரமுமாகக் குடும்பத்தைப் போட்டுக் காட்டினாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். ஒவ்வொருவராக நாற்காலியை விட்டு எழுந்தார்கள். எழுந்தவர்களுக்கு அவ்வளவு ஏமாற்றம்.

கடைசியில் உங்கள் அம்மாவின் வட்டத்துக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு சதுரம் போட்டாள். "நீங்க கணவர். உங்களோடது தேவையில்ல" என்றவள், "கல்யாணத்துக்கு முன்னாடி சொந்தமா?" என்று கேட்டாள்.

"மாமன் மகள்."

அவள் எங்கள் இருவருக்கும் நடுவே இருந்த கோட்டை இரட்டைக் கோடாக்கினாள். பிறகு என் சதுரத்திலிருந்து என் அம்மாவுக்கும், அங்கிருந்து அம்மாவின் அண்ணனுக்கும் கோடு இழுத்தாள். "உங்க அம்மா இருக்காங்களா?"

"நான் படிக்கும்போதே இறந்துட்டாங்க."

"எதனால சார்?"

"வயித்துல கட்டி. தண்ணி கோத்துக்கிட்டது."

ஷாலினியின் பேனா நின்றது. அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "உறுதியா சொல்ல முடியாது சார். ஆனா இந்த மரபணுவுல பழுது இருந்தா சினைப்பைலயும் கட்டி வரலாம். உங்க மனைவியோட அப்பா வழியா அந்த மாற்றம் வந்திருந்தா, அவரோட தங்கச்சிகிட்டயும் இருந்திருக்கலாம். அப்படின்னா உங்ககிட்டயும். உங்க ரத்தமும் வேணும்."

பிள்ளைகளா, அம்மாவின் குடும்பத்து நோயைத் தேடித்தான் நான் விமானம் ஏறினேன். கணவன் வெளியாள் என்றே எண்ணியிருந்தேன். முறைப்பெண்ணைக் கட்டியவன் எப்படி வெளியாளாவான்? அந்த இரட்டைக் கோட்டைப் பார்க்கும் வரை எனக்கு அது தோன்றவில்லை. அம்மாவிடமிருந்து உங்களுக்கு வந்திருக்குமோ என்று பயந்துகொண்டிருந்தேன். என்னிடமிருந்தும் வந்திருக்கலாம். கவின், ஆண்களிடமும் அது இருக்கும், பிள்ளைகளுக்கும் போகும் என்று ஷாலினி சொன்னாள்.

கையை நீட்டினேன். ஷாலினி இரண்டு முறை நரம்பு தேடினாள்.

பின்கட்டிலிருந்து வந்த பெரியம்மா, கதவோரம் நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். கையில் வெங்காய வாசனையோடு வந்து என் தோளைப் பிடித்தார். "அத்தைக்குமா?" என்றார். "வயித்துக் கட்டின்னுதான எங்கப்பாவும் சொன்னாரு. அவரும் மறச்சிட்டாரா?"

யாராவது மறைத்தார்களா, யாருக்குமே தெரியாதா, இனி கேட்கவும் ஆளில்லை.

நித்யா பக்கத்தில் வந்து நின்றாள். "அம்மா, திட்டாத. நான் அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"எவர்கிட்டடி?"

"நாளைக்கு வரேன்னவர்கிட்டதான். போன வாரமே சொல்லிட்டேன். ஊட்ல பேசிட்டு சொல்றேன்னாரு. இன்னும் சொல்லல."

பெரியம்மா அவளை அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன். வெளியே பிரியாணிக்காரர், "அண்ணாத்தே, தம் ஒடச்சிரலாமா?" என்று கேட்டார். மாமா கையசைத்து அவரை நிறுத்தினார். பெரியம்மா தன் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, நான் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வலது கையில எடு. எடது பக்கம் ஆபரேஷன் பண்ணது. அந்தக் கையில குத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றார். சம்பந்தியின் அக்கா வரைக்கும் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

ஊசியை எடுக்கும் முன் ஷாலினி சம்மதத் தாளை வாசித்துக் காட்டினாள். விவரத்தை மற்ற டாக்டர்களோடு பகிர்ந்துகொள்ளலாமா என்று அதில் ஒரு கேள்வி. விரும்பாவிட்டால் வேண்டாம் என்று சொல்லலாம், அப்போதும் சோதனை செய்வோம் என்றாள். பெரியம்மா பேனாவைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"யாரெல்லாம் பாப்பாங்க?"

"பேரு தெரியாதும்மா. மாற்றத்த மட்டும், எந்த ஊர் டாக்டர் வேணும்னாலும் பாக்கலாம்."

"காசு கட்டணுமா?"

"வேணாம்மா."

"எந்த ஊரா இருந்தாலும்?"

"எந்த ஊரா இருந்தாலும்."

"பாக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, தன் பெயரை எழுத்துக் கூட்டி முழுசாகப் போட்டு, வலது கையை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நானும் ஆவடியில்தான் இருந்தேன்; மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. வரமாட்டோம் என்றும் சொல்லவில்லை. நித்யா அலமாரியில் மடித்து வைத்த பட்டுப்புடவை அப்படியே இருந்தது. நான் புறப்படும்போது பெரியம்மா வாசல் வரை வந்து, பக்கத்து வீட்டு மதுரை அம்மா நிற்கும்போதே, "முடிவு வந்தா எனக்கும் சொல்லுங்க, என்னோட கேன்சரப் பத்தி நானும் தெரிஞ்சிக்கணும்" என்றார். அந்த அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். பெரியம்மா அவரை நேராகத் திரும்பிப் பார்த்தார்.

முடிவு வரப் பல மாதங்கள் ஆகலாம். தர்ஷினி, வந்த பிறகு சோதித்துக்கொள்வதும் வேண்டாம் என்பதும் உன் இஷ்டம். கவின், உனக்கு வயது வரும்போது உனக்கும் அப்படித்தான். என்னுடையது என்னவென்று தெரிந்ததும் முதலில் உங்கள் இருவரிடமும் சொல்லிவிடுவேன், கதவைச் சாத்தாமல்.